கருகிப்போன இனிப்புக் கடுகு

டானூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் உணவு விடுதியை நடத்துபவள் ஸென்ஸி. ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் நேரே அங்கேதான் போவோம். வெந்நீரில் மிதக்கும் வெள்ளை சாசேஜ், பிரெட்ஸல் ரொட்டி, கோதுமை பியர், தொட்டுக்கொள்ள அவள் கையால் அரைத்து, சர்க்கரைப் பாகு சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் கடுகு விழுது. மற்றதெல்லாம் வேறு எங்கும் கிடைக்கும். அந்தக் கடுகுக்காகத்தான் கூட்டம். ஸென்ஸிக்கு அதில் கர்வமும் உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் கடுமையான காய்ச்சலில் படுத்தாள். எழுந்தபோது மூக்கு செத்துப்போயிருந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிறு, தீயணைப்புப் படைத் தலைவன் குவிரின் முதல் வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"ஸென்ஸி! கடுகு தீப்பிடிச்சப்பவே எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே? வண்டியோட வந்திருப்போம்ல!"

கூடமே சிரித்தது. நானும்தான். சர்க்கரையை அடிபிடிக்க விட்டிருக்கிறாள். ஒரே கருகல் கசப்பு. ஸென்ஸியின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"மிரியானா! இங்க வா! அடுப்பைப் பாருன்னா எங்க பராக்குப் பார்த்தே? உங்க ஊர்ல இப்படித்தான் சர்க்கரை காய்ச்சுவீங்களா?"

குரோவேஷியாவிலிருந்து வந்து ஆறேழு வருஷமாக அங்கே வேலை செய்பவள் மிரியானா. மேசை மேசையாகக் கடுகுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

கடுகு காய்ச்சிய அன்று அவளுக்கு லீவு. அது ஸென்ஸிக்கும் தெரியும்.

உள்ளே நடந்ததை ஸென்ஸியே பிறகு சொன்னாள்.

"முதலாளியம்மா, உங்களுக்கு வாசனை தெரியறதில்லைன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு வெங்காயம் கருகறப்ப பக்கத்துலயேதான் நின்னீங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

அதற்குமேல் ஸென்ஸிக்கு வெளியே வர முகமில்லை. அந்த வாரம் முழுவதும் மிரியானா இருக்கும் பக்கம் பார்க்காமலே வேலை செய்தாள். ஒரு நாள் புகைபோட்ட பன்றித் தொடையைத் துணியில் சுற்றி அவள் பைக்குள் வைத்தாள். மறுநாள் காலை அது சமையலறை மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

அடுத்த ஞாயிறு சாசேஜைப் பரிமாறும் முன் ஸென்ஸி கூடத்தின் நடுவே வந்து நின்றாள்.

"போன வாரம் கடுகைக் கருக்கினது நான். எனக்கு மூக்கு போயிடுச்சு. மிரியானா அன்னிக்கு வேலைக்கே வரலை. தெரிஞ்சேதான் அவ மேல பழி போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. குவிரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் நின்ற மிரியானா தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான்.

வசந்தத்தில் மிரியானா பாஸா நகரத்தில் ஒரு ஹோட்டலுக்கு மாறிப் போனாள். சண்டை ஏதுமில்லை, போகும்போது கைகூடக் குலுக்கினாள்.

போன மாதம் சந்தையில் இருவரும் எதிரெதிரே வந்தார்களாம்.

"மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள் மிரியானா.

"காபி வாசனை மட்டும் லேசாத் தெரியுது," என்றாளாம் ஸென்ஸி, முள்ளங்கிக் கட்டுகளைப் பார்த்தபடியே.