எனக்கும் ஒரு கயிறு

எனக்கும் ஒரு கயிறு வேண்டும் என்று தோன்றியது வாலாஜாபாத்தில், ஒரு காதுகுத்து மண்டபத்தின் பின்புறம்.

பங்காளிகள் பாட்டிலைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் சித்தப்பாவிடம் டம்ளரை நீட்டினார். சித்தப்பா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். குடியை விடுவதாகச் சொல்லிக் கோயிலில் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு.

"ஐயோ, கயிறு கட்டிக்கினு கீறியாண்ணா? தெரியாம நீட்டிட்டேன்."

டம்ளர் பின்னால் போனது. ஒருவர் ஓடிப்போய் அவருக்குக் கலர் சோடா வாங்கிவந்தார். எங்கள் பக்கம் இது வழக்கம். கயிறு கட்டியவனை எந்தக் குடிகாரனும் வற்புறுத்த மாட்டான். சாமி குத்தம்.

அதே கூட்டம் என் பக்கம் திரும்பியது. மாமன் மகன் என் மூக்குக்கு நேரே போனை நீட்டினான். திரையில், நான் விட்டுவிட்ட அதே துப்பாக்கி விளையாட்டு.

"ஒரே ஒரு மேட்ச் மச்சி. இன்னா, பயமா கீதா?"

"சார் இப்போ பட்டன் போன்தான் வச்சிக்கினு கீறாராம்."

"கேம் ஆடனதுக்கு டாக்டராண்ட போறான்பா!"

சித்தப்பாவும் சிரித்தார். கயிறு கட்டிய கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பயம் உண்மைதான். அந்த விளையாட்டுக்காகப் பரீட்சை எழுதாமல், குளிக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவன் நான். இப்போதுதான் மறுபடி கல்லூரிக்குப் போகிறேன். ஒரு மேட்ச் ஆடினால் திரும்ப அந்த அறைக்குள்தான். சித்தப்பா ஏரிக்கரையில் விழுந்து கிடந்தபோது தோளில் தூக்கிவந்தவர்கள் இவர்கள். நான் விழுந்தது மட்டும் எப்படி நகைச்சுவை ஆயிற்று?

பந்திக்குப் போனால் அங்கே வேறு கூத்து. எல்லோருக்கும் பிரியாணி, என் இலையில் தயிர்சாதம். "காமாலைக்காரனுக்குக் கறி ஆவாதுப்பா" என்றாள் பெரியம்மா. நான் வீட்டோடு கிடந்ததற்கும் டாக்டரிடம் போவதற்கும் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த காரணம் அது: மஞ்சள்காமாலை. பின்புறம் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நிஜம் தெரியும். அம்மா மட்டும் இன்னும் அதை மூடிவைத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும் உத்திரமேரூர் பஸ்ஸில், நானும் கயிறு கட்டிக்கொள்ளப் போவதாக அம்மாவிடம் சொன்னேன்.

"குடிகாரன்னு நெனச்சிக்கப் போறாங்கடா!"

"நெனைக்கட்டுமே. குடிகாரனுக்குக் கலர் வாங்கியாந்து தராங்க."

"தங்கச்சிக்கு மாப்ள பாக்கணும். வாய மூடிக்கினு இரு."

"அதுவரைக்கும் எனக்குக் காமாலையாம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது தெரிந்தும் என் கோபம் இறங்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சித்தப்பா கயிறு கட்டிக்கொண்ட அதே கோயிலுக்குப் போகிறேன். அவரையும் இழுத்துக்கொண்டு போவேன். சிரித்தவர் பக்கத்தில் நிற்கட்டும். பூசாரி எதை விடப்போகிறாய் என்று கேட்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, போனில் ஆடுகிற ஆட்டத்தை என்று சொல்லிக் கையை நீட்டப்போகிறேன்.