இரண்டு வாய் கேக்

மலேசியாவில், குளுவாங்கில் என் வீட்டின் முன்னறையிலேயே இயற்கை நல மையம் நடத்தி வந்தேன். மூலிகை எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில்தான் கொடுப்பேன். பிளாஸ்டிக்கும் இரசாயனமும் மண்ணுக்கும் உடம்புக்கும் விஷம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

தொழிற்சாலையில் வேலை செய்த சரசா அக்கா அதை முழுதாக நம்பினார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஆறாத சின்னப் புண்.

"கிளினிக் மருந்த நிறுத்திடவாம்மா?" என்று கேட்டார்.

"நிறுத்திடுங்கக்கா. அதெல்லாம் இரசாயனம். மூணு மாசம் என் பத்தியத்துல இருங்க, போதும்."

அன்று காலையில்கூட நான் என் இரத்தக் கொதிப்பு மாத்திரையை விழுங்கியிருந்தேன்.

இரண்டாவது மாதம், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக அவர் மகள் போன் செய்தாள். போய்ப் பார்த்தேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

திட்டுவார் என்று பயந்துதான் போனேன். அவரோ, மகள் பக்கத்தில் நிற்க, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க மேல தப்பில்லம்மா. நான்தான் பத்தியத்த கெடுத்துட்டேன். இவ பொறந்தநாளுக்கு ஊட்டி விட்டா லா, ரெண்டு வாய் கேக் சாப்பிட்டேன். அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இருக்கலாம்க்கா," என்றேன்.

அந்தப் பெண் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

மறுவாரமே மையத்தை மூடினேன். மனசாட்சி உள்ளவள் என்று சிலர் சொன்னார்கள். அந்த மகளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் நான் இன்றுவரை போகவில்லை.