உடைந்த கூவல்

எங்கள் சேவல்கள் எல்லாம் ஒரே இடத்தில் உடையும். கூவலைச் சொல்கிறேன். பாதியில் குரல் அறுந்துவிடும். கொஞ்சம் பொறுத்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மீதி வரும். தகப்பன் சேவலுக்கு அப்படி. மகன்களுக்கும் அப்படி. பார்க்காமல் இருந்தால் எது கூவியது என்று எனக்கே தெரியாது.

பிள்ளையார்பாளையத்தில் வீடு. முன்னால் தறி, பின்னால் கோழி. மாமா நெய்வார். நான் நாடாவில் வைக்கிற நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே கோழியைப் பார்த்துக்கொள்வேன். மாமா என்றால் என் கணவர். என் அம்மாவின் தம்பி. எங்களில் அது வழக்கம்.

கோழியும் வழக்கத்தில் வந்ததுதான். சிறுவிடை. சின்ன உடம்பு, மெல்லிய கால். அடைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இப்போது கடையில் நாட்டுக்கோழி என்று விற்பதெல்லாம் கலப்பு. அதற்கு அடைகாக்கத் தெரியாது. சுத்தமான சிறுவிடை எங்கள் சொந்தக்காரர் வீடுகளில்தான் மிச்சம் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீரோடு ஒரு சோடிக் கோழியும் போகும். என் அம்மா கல்யாணத்தில் இந்த வீட்டிலிருந்து போனது. என் கல்யாணத்தில் அதன் வம்சம் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதில் தப்பு ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

போகப் போக எல்லாம் ஒன்று போல ஆயின. அத்தனையும் காக்கைக் கறுப்பு. அத்தனைக்கும் நடு விரல் ஒரே பக்கம் கோணல். தறிச் சத்தம் நின்றால் மேய்கிற கோழிகள் சேர்ந்தாற்போல் தலை தூக்கும், ஒரே பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கும். மறுபடி தறி ஓடும் வரை அசையாது. அந்த நேரத்தில் நான் கொல்லைக்குப் போக மாட்டேன்.

பிறகு குஞ்சுகள் வெளியே வராமல் போயின. முட்டை கெட்டிருக்காது. காதில் வைத்தால் உள்ளே கத்துவது கேட்கும். காலையில் கத்தும், மத்தியானம் கத்தும். அப்புறம் நின்றுவிடும். உடைத்துப் பார்த்தால் முழுக் குஞ்சு, மயிர் எல்லாம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு இருக்கும். ஒரு அடையில் ஒன்றுகூட வரவில்லை. தாய்க்கோழி விடாமல் உட்கார்ந்தே இருந்தது. நானே எடுத்துப் போட வேண்டியிருந்தது.

கூடையில் நாலு முட்டை வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். உடைத்துப் பார்த்தாள். வெளியிலிருந்து சேவல் எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டாள். எடுத்ததே இல்லை என்றேன்.

“அண்ணன் தங்கச்சி, அப்பன் பொண்ணுன்னு அதுக்குள்ளயே சேர்ந்துக்கினு வருதும்மா. ரத்தம் ஒண்ணாயிடுச்சு. வேற சேவல் விட்டீங்கன்னா பொழைக்கும். இல்லன்னா உங்க கண்ணு முன்னாடியே முடிஞ்சிடும்.”

கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார். வேறு சேவல் வேண்டுமாம் என்றேன்.

“ஏனாம்?”

“சொந்தத்துக்குள்ளயே போனதால தானாம்.”

மாமா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். தறி ஓடவில்லை. பின்னால் கோழிகள் தலை தூக்கிக்கொண்டு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு மூன்று பிள்ளை பிறந்தது. ஒன்றும் நிற்கவில்லை. அதை நாங்கள் பேசுவதில்லை.

கூரத்தில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவளிடமும் சிறுவிடை உண்டு. ஷேர் ஆட்டோவில் போனேன். இறங்கி அவள் தெருவில் திரும்பும்போதே சேவல் கூவியது. பாதியில் அறுந்தது. கொஞ்சம் பொறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து மீதி வந்தது.

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் வீட்டை விட்டு வரவே இல்லையோ என்று இருந்தது. அவள் சீருக்குப் போன கோழியும் எங்கள் கோழிதான். வழியெல்லாம் இது என் நினைவுக்கு வரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசித்தாள். ஊருக்கு வெளியே அம்மன் கோயிலில் ஒரு சேவல் திரிகிறது, சிறுவிடை மாதிரிதான் தெரிகிறது என்றாள். யாரோ நேர்ந்துகொண்டு விட்டது. யார் என்று தெரியாது. ஆடியில் அறுக்கவும் யாரும் வரவில்லையாம். பொழுது சாய்ந்தால் பனைமரத்தில் ஏறிக்கொள்ளுமாம். அது கூவி ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

“அப்பன் பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஜாதகம் மட்டும் கேக்காதக்கா” என்று சிரித்தாள்.

அம்மனுக்கு விட்டதை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். கொண்டுவந்தால் அது தனியாக வராது என்பார்கள். சேவலைக் கொண்டுவரக் கூடாது, சரி. பெட்டையைக் கொண்டுபோய் விடலாம். அதற்குத் தடை ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் இரண்டு பெட்டைகளோடு போனேன். கோயில் என்றால் சின்ன மேடை, சூலம், ஒரு வேப்பமரம். உச்சிவெயில். காற்று இல்லை. பெட்டைகளை இறக்கிவிட்டேன். இரண்டும் வழக்கம்போல ஒரே பக்கம் திரும்பி நின்றன. சூலத்துக்குப் பின்னாலிருந்து சேவல் வந்தது. செவலை. மெல்லிய கால், நேரான விரல். சத்தமே இல்லை. காய்ந்த சருகின் மேல் நடந்தது, அந்தச் சத்தமும் இல்லை. என்னைப் பார்த்தது. நான் கும்பிட்டேன். எதற்கென்று தெரியாது.

பெட்டைகளில் ஒன்று வேறு பக்கம் திரும்பியது. மற்றது திரும்பவில்லை. அவை தனித்தனியாகப் பார்த்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

பெட்டைகளைச் சித்தி மகள் பார்த்துக்கொண்டாள். பகலில் கோயில், பொழுது போனால் அவள் வீட்டுக் கூடை. முட்டை சேர்ந்ததும் சொல்லி அனுப்பினாள். நான் போனபோது சேவல் இல்லை. முந்தின நாளிலிருந்து காணோமாம். நாய் பிடித்திருந்தால் ஒரு இறகாவது கிடக்கும். பனையடி முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை.

இருந்தது அந்த முட்டைகள்தான். அதுவும் வராவிட்டால் வேறு வழி இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அடை வைத்தேன். மூன்று வாரம் ஆனது. அன்று காலையில் முட்டைக்குள் கத்தல் கேட்டது. இந்தக் கத்தலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கிட்டே போகாமல் ராட்டையில் உட்கார்ந்து சுற்றினேன். மத்தியானம் கத்தல் நின்றது. நூல் அறுந்தது. முடிச்சுப் போடக் கை வரவில்லை.

மாமா தறியை நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு வாசற்படியில் நின்று, “வந்து பாரு” என்றார்.

ஓடு உடைந்திருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று வரி வரியாக. இரண்டு முட்டை மட்டும் வரவில்லை. அவற்றை நான் உடைத்துப் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றின் காலிலும் கழிவுப் பட்டு நூல் கட்டியிருக்கிறேன். கோயில் சேவலின் வம்சத்துக்கு அரக்கு, பழைய வம்சத்துக்கு மஞ்சள். ஒரே நூல் கட்டிய இரண்டைச் சேர விடுவதில்லை. யாரிடமாவது வேறு சிறுவிடை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் எந்த ஊரானாலும் போய்ப் பார்க்கிறேன். அதன் நூலுக்குப் பச்சை எடுத்து வைத்திருக்கிறேன்.

செவலைக் குஞ்சு சேவலாக வளர்ந்தது. நாள் கடந்தும் கூவவில்லை. அப்பனைப் போலத்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் திடீரென்று கூவியது. எங்கும் அறுபடாமல், நீளமாக. மற்ற சேவல்கள் எதுவும் பதிலுக்குக் கூவவில்லை.

மாமா தறியை நிறுத்தினார்.

“யார் வூட்டு சேவல்மே அது?”

“நம்முளுதுதான் மாமா.”

தறி நாடா அவர் கையிலேயே இருந்தது. தறி நின்றிருந்தது. கொல்லையில் கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

“இன்னொரு தபா கூவட்டும்” என்றார்.

அது கூவுகிற வரை தறியை ஓட்டவில்லை.