இது முடிந்த பிறகு அது

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் என்பது ஒரு பெரிய கூடம் நிறைய இருந்தது. உள்ளே குளிர், ஓயாத இரைச்சல், வாசலில் ஒரு மேஜை. எழுபதுகளின் கடைசி அது. சேவூரிலிருந்து ஆரணி பஸ் நிலையம், அங்கிருந்து ஆற்காடு வழியாக ராணிப்பேட்டை என்று தினமும் போய்வந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்குப் பகல் ஷிப்ட். வாசல் மேஜைக்குப் பின்னால் உட்காருவதுதான் உத்தியோகம்.

ஒவ்வொரு பிரிவும் தன் கணக்கைத் துளை போட்ட அட்டைகளாக ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவரும். மெஷின் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். எந்தத் தட்டு முதலில், எது அடுத்து என்று தீர்மானிப்பவள் நான். ஸ்டோர்ஸ்காரர் வருவார், "அர்ஜண்ட்ம்மா" என்பார். அக்கவுண்ட்ஸ்காரர் வருவார், அவரும் அர்ஜண்ட். ஆற்காட்டிலிருந்து வருகிற ஒருவர் மக்கன் பேடா இனிப்புப் பொட்டலத்தைத் தட்டின் மேலேயே வைத்து நீட்டுவார். பேடாவை எடுத்துக்கொண்டு தட்டை வரிசையின் கடைசியில் வைப்பேன். எனக்கு அப்போதே வாய் நீளம் என்று பெயர்.

வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் தங்கை. முதல் மாதம் ஒரு பழைய அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் டிசைனுக்காகத் தொங்கும் துளை போட்ட அட்டைகளைப் பார்த்தார். "இதுக்கா பஸ் ஏறி அவ்ளோ தூரம் போற? இங்கயே கீதே" என்றார். நான் மெஷின் பெருமையை எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை.

கொஞ்ச நாளில் தட்டுச் சண்டையைத் தீர்க்க மேலிடம் ஒரு வழி கண்டுபிடித்தது. முதல் அட்டையில் ஓர் எழுத்து போட வேண்டும். ஏ என்றால் அவசரம், பி என்றால் சுமாரான அவசரம், சி என்றால் பொறுக்கலாம். எழுத்தைப் பார்த்து மெஷினே வரிசை அமைத்துக்கொள்ளும். அந்த மாதம் முடிவதற்குள் தொழிற்சாலையில் சி என்று ஒரு வேலைகூட இல்லாமல் போயிற்று. கேன்டீன் வடைக் கணக்கு வரை ஏ. எல்லோரும் ஏ ஆனதும் பழையபடி என் மேஜைக்கே வந்து நின்றார்கள்.

எண்பதுகளில் ஷெட்யூலர் வந்தது. வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்ட சாஃப்ட்வேர். மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் அதை டேப்பில் கொண்டுவந்து ஏற்றினார். அதற்கு அவசரம் என்ற பேச்சே புரியாது. அது ஒவ்வொரு வேலையைப் பற்றியும் கேட்பது, எந்தெந்த நாளில் ஓட வேண்டும், அதற்கு முன்னால் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும், நடுவில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். இது முடிந்த பிறகு அது, அது முடிந்த பிறகு இன்னொன்று என்று தானே ஓட்டிக்கொண்டு போகும். பேடாவுக்கு மயங்காது.

இந்தத் தகவலையெல்லாம் திரட்டும் வேலை எனக்கு வந்தது. பிரிவு பிரிவாகப் போய், "உங்க வேலைக்கு முன்னாடி எது முடியணும் சார்?" என்று கேட்டேன். அதுவரை என்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து யோசித்து யோசித்துச் சொன்னார்கள். சொன்னதையெல்லாம் மெஷினில் ஏற்றினேன். ரொம்ப சந்தோஷமான நாட்கள் அவை. ஒரு தொழிற்சாலை முழுக்க எதற்குப் பிறகு எது நடக்கிறது என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்ற கர்வத்தோடு பஸ் ஏறுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு வரன் வந்தது. முள்ளிப்பட்டில் ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் அட்டை அடிப்பவர். எங்கள் தறிக்குப் புது டிசைன் மாட்டுவதற்காக வந்துபோய்க்கொண்டிருந்தார். டிசைனில் ஒரு தப்பும் இல்லாத நாளிலும் சரிபார்க்க வந்தார். தங்கையும் சரிபார்க்கச் சொன்னாள். கடைசியில் அவர் வீட்டிலிருந்தே கேட்டு வந்தார்கள். பிடிக்காதவர் யாருமில்லை. அப்பா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"பெரியவளை வெச்சிகினு சின்னவளுக்கு எப்டிங்க?" என்றார்.

பெரியவள் நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் குறைவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், வேலையை எப்போது விடுவாள் என்று. நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "விட மாட்டேன்" என்பேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இது எனக்குப் பெரிய துக்கமாக இல்லை. ஆனால் இப்போது எனக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

முள்ளிப்பட்டிலிருந்து, தை பிறந்தால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்கள். தங்கையின் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. அறுந்ததை முடிச்சுப்போட நேரம் எடுத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டேன்.

சரி, இவளுக்காக அடுத்து வருகிறவனுக்குத் தலையாட்டிவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வாரத்தில்தான் ஷெட்யூலர் மாட்டிக்கொண்டது.

ஓவர்டைம் கூலி போடும் வேலை காலையில் ஓட வேண்டியது, மதியம் வரை ஓடவில்லை. ஷிப்ட் முடிந்தவர்கள் ஜன்னலில் வந்து நின்று, "இன்னாம்மா, உங்க புது மெஷின் தூங்குதா?" என்றார்கள். திரையில் பார்த்தேன். தூங்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது. கூலி வேலைக்கு முன்னால், முந்தின வாரம் மூடிப்போன ஒரு பழைய பிரிவின் ரிப்போர்ட் முடிய வேண்டும் என்று ஏற்றப்பட்டிருந்தது. அந்தப் பிரிவிலிருந்து இனி கணக்கு டேப் வரப்போவதில்லை. வராத டேப்புக்காக அந்த ரிப்போர்ட் காத்திருந்தது, அதற்காகக் கூலி காத்திருந்தது, கூலிக்காக ஜன்னல் நிறைய ஆட்கள். மேஜைக் காலமாக இருந்தால் தட்டு வரவில்லை என்றதும் அடுத்த தட்டை எடுத்து விட்டிருப்பேன். மெஷின் சொன்ன சொல் மாறாது.

கூலிப் பிரிவு கிளார்க்கிடம் ஓடினேன். "அந்த ரிப்போர்ட்லேருந்து உங்களுக்கு ஏதாவது வருதா சார்?"

"ஒண்ணும் வராதும்மா."

"அப்புறம் ஏன் அதுக்கு அப்புறம்னு சொன்னீங்க?"

"எப்பவுமே அதுக்கு அப்புறந்தான் ஓடிக்கினு இருந்துது. கேட்டே, சொன்னேன்."

திரும்பி வந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். கூலி வேலை உடனே கிளம்பிப் போய்விட்டது. ஜன்னலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த ரிப்போர்ட் தன்பாட்டுக்குக் காத்திருந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஆற்காடு பாலம் தாண்டும்போது திடீரென்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். என் கல்யாணத்திலிருந்து என் தங்கை கல்யாணத்துக்கு என்ன வர வேண்டியிருக்கிறது? தாலியா, புடவையா, மாப்பிள்ளையா? ஒன்றும் இல்லை. எப்பவுமே அதுக்கு அப்புறந்தான் ஓடிக்கினு இருந்துது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் தாய்மாமன் வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் இதே சிக்கலுக்கு ஒரு தீர்வோடுதான் வந்திருந்தார். தோஷம் இருக்கிற பெண்ணுக்குச் செய்கிற மாதிரி, எனக்கும் ஒரு வாழைமரத்துக்கும் முதலில் கல்யாணத்தை முடித்துவிடுவது. பெரியவளுக்கு முடிந்த கணக்காகிவிடும், பிறகு சின்னவளுக்குத் தடையில்லை. அம்மா அதைத் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மெஷினிலும் இப்படி ஒன்று உண்டு. எந்த வேலையும் செய்யாமல் 'முடிந்தது' என்று மட்டும் சொல்லும் ஒரு புரோகிராம். அடுத்த வேலையை ஏமாற்றிக் கிளப்ப அதை நடுவில் ஓட்டுவார்கள். மாமா மெட்ராஸ் இன்ஜினியரைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வெற்று வேலையாக நிற்க எனக்கு இஷ்டமில்லை.

"வாழைமரம் சம்மதிக்கும் மாமா, நான் சம்மதிக்க மாட்டேன்" என்றேன். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என் கல்யாணம் ஆனாதான் இவ கல்யாணம் ஆவும்னா, என்கிட்டேருந்து இவளுக்கு இன்னா வரணும்?"

மாமா வழக்கம் என்றார். அம்மா ஊர் பேசும் என்றாள். அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் வர வேணாம்" என்றார். "ஆனா அவங்க வூட்ல யார் போய் சொல்றது? நான் சொன்னா பெரியவளைத் தள்ளிவுட்ட மாதிரி ஆயிடும்."

"நானே சொல்றேன்" என்றேன். தங்கை அன்றைக்கு முதல்முறையாகத் தறியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டுக்குப் போனேன், அப்பா பின்னால் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா எங்களைத் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"பெரியவளுக்கு இன்னா குறைன்னு ஊர்ல கேப்பாங்களே."

"கேட்டா என்னாண்ட அனுப்புங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் கேட்டது வேறு. "எனக்கு ஊரைப் பத்தி பயம் இல்ல பாப்பா. நாளைக்கு உனக்கு அமையாம பூட்டா, உங்க வூட்லயே இன்னா சொல்லுவாங்க? சின்னவ முந்திக்கினு போனதாலதான் பெரியவ நின்னுட்டான்னுவாங்க. அந்தப் பழி என் மருமவ தலையில வுழக் கூடாது."

நான் ஆயிரம் வாதம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் இன்னும் வீட்டுக்கு வராத என் தங்கைக்காகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

"பழி போடறதுன்னா நான்தான் போடணும்" என்றேன். "நான் போட மாட்டேன். வேற யாராவது போட்டா சும்மா வுட மாட்டேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். "இவ சொன்னா சொன்னதுதாங்க" என்றார் அப்பா. என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

தையில் கல்யாணம். முகூர்த்தப் புடவையைத் தங்கை தானே நெய்தாள், அட்டை மாப்பிள்ளை அடித்தது. பந்தியில் மூன்று வரிசைக்கு ஒருத்தி "உனக்கு எப்போடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சாம்பார் வந்துதா உங்களுக்கு?" என்று கேட்டபடி நான் வாளியோடு நகர்ந்துகொண்டே இருந்தேன். கிளம்பும்போது தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னைத் தாண்டிப் போறேன்க்கா" என்றாள். "பக்கத்துல இருக்கற முள்ளிப்பட்டுக்குப் போற. என்னைத் தாண்டி எங்கடி போற?" என்று திட்டினேன். திட்டும்போதே நானும் அழுதேன்.

அது நடந்து கொஞ்ச நாளில், தேசூரிலிருந்து ஒரு தரகர் ஜாதகங்களோடு வந்தார். ஞாயிறு. நான் தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த மாதிரி ஆள் வந்தால் அம்மா அப்பாவைக் கூப்பிடுவாள், அடுப்புக்கு ஓடுவாள், என்னை உள்ளே தள்ளுவாள். அன்றைக்கு அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"பெரிய பொண்ணு விஷயமாங்களா? ஒண்ணும் ஜல்தி இல்லீங்க. அதோ கீறா, அவளாண்டயே கேளுங்க" என்றாள்.

தங்கைக்குத்தான் வழி விட்டேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இப்போது யாரும் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தரகர் குழம்பிப்போய்க் கையில் ஜாதகக் கட்டோடு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்டிப்பட்ட மாப்பிள்ளைம்மா வேணும்?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இவ்வளவு வாய் பேசுகிற நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"உக்காருங்க, யோசிச்சு சொல்றேன்" என்றேன்.