நஃபியே அக்காவின் மொனாக்கோ

மாவை ஒரு கரண்டி எடுத்து, தாம்பாளத்தில் கதிர் கதிராக இடைவெளி விட்டு ஊற்றுகிறாள். தணல் குவித்த இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி அதன்மேல் கவிழ்க்கிறாள். அடுக்கு வேகிற நேரத்தில், கொல்லைச் சுவர்மேல் கிடக்கும் கைபேசியை ஒரு பார்வை. பிறகு மூடியை எடுத்து, பாலாடை தடவி, அடுத்த அடுக்கு. இப்படி அடுக்கடுக்காக ஒரு ஃப்லியா ரொட்டி சுட்டு முடிக்க அரைநாள் ஆகும். நஃபியே அக்காவுக்கு அதில் ஒரு சலிப்பும் கிடையாது.

கொசோவோவில், எங்கள் பெயா நகரத்தில் கல்யாணமோ, நிச்சயமோ, ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கும் கூட்டமோ, ஃப்லியா என்றால் அக்கா வீடுதான். ஒருமுறை நிலம் அதிர்ந்து ஓடுகள் கலகலத்தபோது தெருவே வெளியே ஓடிவந்தது. அக்கா மட்டும் கொக்கியும் கையுமாக அடுப்படியிலேயே நின்றாள். "ஏடி, பூமி ஆடுறத நான் நிறுத்த முடியுமா? அடுக்கு கருகினா நான்தானே பதில் சொல்லணும்?" என்றாள். இதுவரை அவள் கையில் ஓர் அடுக்குகூடக் கருகியதில்லை.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். ஆனாலும் நாங்கள் பேசிக்கொள்வது மிஸ்டு காலில். ஒரு மணி அடித்து நின்றால், காபி போட்டாச்சு, வா. இரண்டு அடித்தால், வராதே, மாமியார் வந்திருக்கிறாள். தவறிப்போய் எடுத்துவிட்டால் தொலைந்தேன். "எடுத்துத் தொலைச்சிட்டியே, கூறுகெட்டவளே!" என்பது போனிலும் கேட்கும், சுவர் வழியாகவும் கேட்கும்.

அந்தக் காலத்தில் கொசோவோவுக்கென்று சொந்த நாட்டு எண் கிடையாது. அக்காவின் கைபேசி மொனாக்கோவிடம் இரவல் வாங்கிய எண்ணில் ஓடியது. என்னுடையது ஸ்லோவேனியா எண். "சுவருக்கு இந்தப் பக்கம் மொனாக்கோ, அந்தப் பக்கம் ஸ்லோவேனியா. நடுவுல நம்ம கோழிதான்டி பாஸ்போர்ட் இல்லாம போய் வருது" என்று அக்கா சிரிப்பாள்.

அவள் தம்பி ருஸ்தெம் சுவிட்சர்லாந்தில் சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறான். தாய் இல்லாத பிள்ளையை அக்காதான் தூக்கி வளர்த்தாள். அவன் ஒருநாள் போனில், "ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டு என் மானத்த வாங்குறியே அக்கா" என்று சொல்லிவிட்டான். "அப்ப இனிமே எனக்குப் போன் பண்ணாதடா" என்று இவளும் வைத்துவிட்டாள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிடிவாதம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நாட்டுக்குச் சொந்த எண் கிடைத்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார். உள்ளூரில் கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்கள் மட்டும் முன்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை மாற்றிப் போட வேண்டும். பழைய எண்ணில் கூப்பிட்டால் எங்கே போகும் என்று அக்கா போன் கடையில் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் விளையாட்டாக, "வேற எங்க, மொனாக்கோவுக்குத்தான்" என்றிருக்கிறான்.

அக்கா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அங்கே கடலைப் பார்த்த ஜன்னல், வெள்ளைத் திரை, கண்ணாடி மேசைமேல் ஒரு போன். தம்பி கூப்பிடும்போதெல்லாம் அது அங்கே அடிக்கிறது. வீட்டுக்காரி நகச்சாயம் காயாத விரலால் எடுக்கிறாள். "எவனோ அக்கா, அக்காங்கறானேன்னு முழிப்பா, பாவம். ஆனா நல்லவதான்டி. பாஷை புரியலேன்னாலும் பட்டுனு வைக்க மாட்டா. கொஞ்ச நேரம் கேப்பா." இதைச் சொல்லும்போது அவள் கண் தணலில் இருக்காது. எங்கோ அலையடிக்கும் இடத்தில் இருக்கும். கேட்கிற எனக்கே சில நாள் உப்புக்காற்று வீசுகிற மாதிரி இருக்கும்.

எனக்குத் தெரியாதா? சந்துக்குச் சந்து அவனுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். புது எண்ணைக் கேட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? ருஸ்தெம்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கடலோரத்துக்காரியை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பைராம் பெருநாள் அன்று சின்னவர்கள்தான் பெரியவர்களைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். இந்த வருடமும் வெயில் சாய்ந்துவிட்டது, கைபேசி வாய் திறக்கவில்லை. அக்கா விருந்தாளிகளுக்காக ஃப்லியா சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு மிஸ்டு கால் விடேன். அது கூப்பிட்ட கணக்கே இல்ல. உன் கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது. புது நம்பர் அவன் போன்ல விழுமில்ல?"

அவள் மூடியைக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"கௌரவம் கெடக்குதுடி. புது நம்பர் போயும் அவன் கூப்பிடலேன்னா? அப்புறம் எனக்கு மொனாக்கோவும் கெடையாதே."

என்ன பெண்ணம்மா நீ என்று கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

முசுக்கொட்டை மரத்து நிழல் நீண்டு சுவரைத் தொட்டது. மலைப்பக்கம் வெளிச்சம் பழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில அடுக்குகள் ஆயின. திடீரென்று அக்கா கைபேசியை எடுத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினாள். ஒரு மணி. உடனே வைத்துவிட்டாள். ஒன்றும் நடக்காததுபோல மாவைக் கலக்கினாள்.

அடுத்த அடுக்கை ஊற்றி மூடியைக் கவிழ்த்தாள். கைபேசி அடித்தது.

ஒரு மணி. அக்கா திரும்பவில்லை. அவனிடமிருந்து ஒரு மணி என்றால், பார்த்துவிட்டேன் என்று மட்டும்தான். இரண்டாவது அடித்தது. மூன்றாவதும் அடித்தது. நிற்கவில்லை.

மூடிக்கடியிலிருந்து கருகல் வாசனை கிளம்பியது. நான் பதறிக் கொக்கியை எடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். மாவுக் கையோடு கைபேசியை எடுத்துக் காதில் வைத்து, இன்னொரு காதை இறுகப் பொத்திக்கொண்டாள்.