கரியாலூர்க்காரருக்கு வாடகை வீடு

கரியாலூர் மலையிலிருந்து கீழே இறங்கி வந்து நான்கு மாதம் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று, வீடு காலியாக இருப்பதைப் பலகையில் எழுதி கேட்டில் தொங்கவிடும் வழக்கம். மலையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் ஆள் செத்திருக்க வேண்டும், அல்லது கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்க வேண்டும். இரண்டையும் நாங்கள் விளம்பரப்படுத்துவதில்லை. கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு இரண்டு டு-லெட் பலகைகள். தினமும் காலையில் பேப்பர் படிப்பது போல அவற்றைப் படித்துக்கொண்டு நடந்தேன்.

நான் கடல் தாண்டிப் போனவன் அல்லன். கொண்டை ஊசி வளைவுகளைத்தான் தாண்டியிருக்கிறேன். ஆனாலும் கரியாலூரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலக் கீழே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுத வேண்டியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் வருவாய்த் துறையில் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். அவ்வளவு காலமும் அரசுக் குடியிருப்பு. அது யாரையும் எந்த ஊர் என்று கேட்காது. உத்தரவு எண்ணை மட்டும் கேட்கும். அதனால் கீழ்நாட்டில் வீடு கேட்பது எப்படி என்று தெரியாமலே வேலையை முடித்து மலைக்குத் திரும்பிவிட்டேன். பிறகு என் மனைவி பொன்னாயிக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மலையிலிருந்து பஸ் அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் அவள் கால் இரண்டும் வீங்கிவிடும். எனவே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஒரு முழ தூரத்தில் நிற்கும். பொன்னாயி அதைத் திறப்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள்.

ஆறு வீடுகள் கைநழுவின. யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். தம்பி மகன் வருவதாகச் சொன்னார்கள், வெள்ளையடிக்க வேண்டும் என்றார்கள், ஒரு வீட்டில் காப்பி கூடக் கொடுத்தார்கள். ஏழாவது வீடு ராஜாங்கம் என்பவருடையது. மாடியில் அவர் குடும்பம், கீழ்ப் பகுதி காலி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

"எந்த ஊரு சார் நமக்கு?"

"கரியாலூர்."

"அட, ரிசார்ட் கட்டி வுட்டுக்கினு இருக்கீங்களா? சீசன்ல ரூம் கெடைக்கறதே இல்லியாமே!"

"இல்லைங்க. பொறந்ததே அங்கதான்."

"ஓ. மலையிலயே." அவர் பார்வை என் சட்டையிலிருந்து செருப்புக்கு இறங்கியது. "வூடு நேத்தே பேசி முடிஞ்சிடுச்சி சார். பலகைய எடுக்க மறந்துட்டேன்."

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பழைய மனு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் பதவியில் இருந்தபோது எங்கள் மலையிலிருந்து ஒருவர் வந்தார். மகள் நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு யாரும் அறை தரவில்லை என்று எழுதியிருந்தார். "காலி இல்லன்னு சொன்னா அதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?" என்று கேட்டேன். 'மனுதாரருக்கு உரிய அறிவுரை வழங்கி அனுப்பப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினேன். அழகான வாசகம். அவர் எந்த அறிவுரையோடு பஸ் ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த முறை மனுதாரர் நான் என்பதால் அறிவுரை தானாக வந்தது. உங்களுக்கும் பயன்படலாம். மறுத்த நாள், நேரம், பேசியவர், பேசிய சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். தொங்கும் பலகையைப் படம் எடுங்கள். பிறகு, மலைக்காரர் அல்லாத ஒருவரை அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். வன்கொடுமைச் சட்டம் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தினால்தான் எளிதில் பாயும். சிரித்துக்கொண்டு கதவைச் சாத்துபவருக்குத் தெளிவான பிரிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே சாட்சியை நாம்தான் தயார் செய்ய வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த தேவசகாயம் கச்சிராயபாளையத்துக்காரர். அரை மணி நேரம் கழித்து அவரை அனுப்பினேன். அவருக்கு வீடு காலியாகவே இருந்தது. ராஜாங்கம் மனம் விட்டும் பேசியிருக்கிறார்: "இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு சார். பேச்செல்லாம் ஆபீசர் கணக்கா இருந்துச்சி. ஆனா மலைக்காரங்க. நாள பின்ன சொந்தக்காரன்னு லோடு லோடா வந்து எறங்குவாங்க. சாராயம் அது இதுன்னு போலீசு வேற கதவ தட்டும். நமக்கு எதுக்கு ரோதன?" தேவசகாயத்தின் சட்டைப்பையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். நகலைப் பழங்குடியினர் நல அலுவலருக்கும், எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு, தேவசகாயத்தின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு இணைத்தேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு குறையில்லாத மனு என் மேசைக்கு வந்ததே இல்லை.

விசாரணைக்கு வரச்சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் போன மறுநாள், ராஜாங்கம் லாட்ஜுக்கே வந்துவிட்டார். கையில் சாவியும் ஆப்பிள் பையும்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நம்ம வூட்டுக்கே வந்துடுங்க. இன்னிக்கே பால் காச்சிடுங்க. அந்த மனுவ மட்டும் வாபஸ்..."

"அக்ரிமெண்ட்?"

"விசாரண முடியட்டும் சார். ஒடனே போட்டுக்கலாம்."

எனக்கு மட்டும்தான் நடைமுறை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் சொல்வதற்குள் பொன்னாயி கட்டிலிலிருந்து எழுந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள். "நீ மனு எழுதிக்கினே கெட. நான் ஜன்னலு இருக்கற வூட்டுக்குப் போறேன்" என்றாள். அன்று மாலையே குடியேறினோம். மாடியில் அவர்கள் நாற்காலியை இழுக்கும் ஓசை எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் தாளிப்பது அவர்களுக்கு மணக்கும். தினமும் மோட்டார் போட இறங்கி வரும்போது ராஜாங்கம் கேட்பார்: "எழுதிட்டீங்களா சார்?" நான் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்வேன். பொய்யில்லை. இரண்டு கடிதங்கள் எழுதி வைத்திருந்தேன்.

விசாரணை நாளும் டயாலிசிஸ் நாளும் ஒன்றாக அமைந்தன. "ஒரே எடத்துக்குத்தான போறோம், எதுக்கு சார் ஆட்டோ?" என்று ராஜாங்கம் காரை எடுத்தார். எதிர்மனுதாரர் ஓட்ட, மனுதாரர் பக்கத்தில் உட்கார, பின்சீட்டில் பொன்னாயி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய அவள் ஜன்னல் பக்கம் வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

"நடந்தத எழுதிக் குடு. ஆனா வூடு போகாத மாதிரி எழுது, ஆபீசரே."

அப்படி ஒரு வாசகத்தை எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை.

வட்டாட்சியர் என் மகன் வயதுக்காரர். "சமரசம் ஆயிட்டீங்களா சார்? ஒரு லைன் எழுதிக் குடுத்தா முடிச்சிடலாம்" என்றார். பைக்குள் கை விட்டேன். வாபஸ் கடிதம் மேலே இருந்தது. அதற்கு அடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நடந்தது, நடந்த வரிசையில். நிரந்தர முகவரி கரியாலூர். தற்போதைய முகவரி, எதிர்மனுதாரரின் கதவு எண். வட்டாட்சியர் இரண்டு முறை படித்தார். "ரெண்டு பேரும் ஒரே வூடா?" என்று கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்.

ராஜாங்கம் எனக்கு முன்னால் படியிறங்கினார். கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஏறிக்கொண்டேன், வேறு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் காத்திருந்து பொன்னாயியை ஏற்றினோம். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "முடிஞ்சிதா?" என்றாள். "அடுத்த மாசம்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். வீட்டு வாசலில் அவர் மாடிப்படி ஏறினார். நாங்கள் கீழ்க் கதவைத் திறந்தோம். சற்று நேரத்தில் தலைக்கு மேல் நாற்காலியை இழுத்து அவர் உட்காரும் சத்தம் கேட்டது. நானும் உட்கார்ந்தேன்.