உசுருள்ள பாட்டில விக்கப் போனேன்

உசுருள்ள சரக்க விக்கிறதுல கோழிக்கடக்காரரும் நானும் ஒண்ணுதாங்க. என்ன, அவரு சரக்கு கத்தும், எஞ்சரக்கு செத்தாலும் சத்தம் வராது.

யூனிவர்சிட்டி லேப்புல ரேவதி மேடம் ஒரு கிருமிய வளத்தாங்க. கடலச் செடிக்கு வேரழுகல் வராமக் காக்குற நல்ல கிருமி. "ஆராய்ச்சி பண்ணுனது போதும், கம்பெனி ஆக்குங்க"ன்னு யூனிவர்சிட்டியே ஒரு ரூமும் ஃப்ரிட்ஜும் குடுத்துச்சு. ஊரூராக் கொண்டுபோயி விக்க, எட்டாங்கிளாஸோட நின்ன நானு. இந்த அறுவடைக்குள்ள ஒரு வயல்லயாவது வித்தியாசம் காட்டணும், இல்லன்னா ரூம காலி பண்ணணும். ரூம் போனா நானும் போனேன். வேல இருக்குமா இருக்காதான்னு தெரியாமத் திரியிறவங்க எல்லாம் எம் பக்கத்துல வந்து ஒக்காருங்க.

இஞ்சின் மேல

கிருமிய அடச்ச பாட்டில ஐஸ் பெட்டியில வச்சு, கீரனூர் பஸ்ஸுல ஏறுனேன். செம கூட்டம். கண்டக்டரு நல்ல மனுசன், பெட்டிய வாங்கி முன்னாடி அனுப்பி வச்சாரு. எறங்கும்போதுதான் பாக்குறேன், இஞ்சின் மூடி மேல ஜம்முனு ஒக்காந்திருக்கு. தொட்டா இட்லிச் சட்டி. உள்ள இருந்த உசுரெல்லாம் வெந்திருக்கும். ஏண்ணே அங்க வச்சீங்கன்னு கண்டக்டரக் கேட்டேன். அவரு சொன்னாரு: "அந்த எடத்துலதாங்க எவனும் மிதிக்க மாட்டான்."

ஒரே டேங்கு

மறுபடி புதுப் பாட்டில் கொண்டுபோயி கீரனூர்ல ஒரு விவசாயிகிட்ட குடுத்தேன். "அண்ணே, இதோட வேற மருந்து எதையும் சேத்துராதீங்க, உள்ள இருக்கிறது செத்துரும்"னேன். நல்லாத்தான் தலய ஆட்டுனாரு. மறுவாரம் போனா, மருந்து கலக்குற டேங்கு பக்கத்துல பூஞ்ச மருந்து டப்பா காலியாக் கெடக்கு. டப்பாவத் தூக்கிக் காட்டுனேன். அவரு தோள்ல கை போட்டாரு: "ஒங்க மருந்து கேக்கலன்னா ஒங்களுக்குத்தான தம்பி கெட்ட பேரு, அதான் தொணைக்கு இதையும் கலந்தேன்."

பாதி வயலு

மிச்சம் இருந்தது திருவரங்குளத்துல ராசாத்தியக்கா வயலு ஒண்ணுதான். பாதிக்கு ஊத்தணும், பாதிய சும்மா விடணும்; அப்பத்தான் வித்தியாசம் தெரியும். யூனிவர்சிட்டி கமிட்டிக்காரங்க கார விட்டு எறங்குனா, மொத்த வயலும் பச்சப்பசேல்னு நிக்கிது. மேடம் மூஞ்சி வெளுத்துருச்சு. "என்னக்கா, அந்தப் பாதி?"ன்னேன்.

"ரெண்டு புள்ளையில ஒண்ணுக்கு மட்டும் சோறு போடுவியா? வித்தியாசம் வேணும்னா வரப்புக்கு அங்கிட்டு பாரு. எங் கொழுந்தன் வயலு. ஒம் பாட்டிலே வேணாம்னுட்டாருல்ல."

அதே வெத, அதே வாரம் வெதச்சது. அங்கிட்டு பாதிச் செடி காஞ்சு நிக்கிது. கமிட்டிக்காரங்க குசுகுசுன்னு பேசுனாங்க. "இது செல்லாது. அடுத்த போகத்துல இந்த வயல்ல ஊத்தி, அந்த வயல சும்மா விட்டு முறையாக் காட்டுங்க, அதுவரைக்கும் ரூம் இருக்கட்டும்"னு கெளம்பிட்டாங்க. நான் மூச்சு விடுறதுக்குள்ள மேடம் சொன்னாங்க: "அண்ணே, அந்தக் கொழுந்தனாருக்கு மட்டும் பாட்டில வித்துராதீங்க."

பாட்டில் விக்கத்தான் எனக்குச் சம்பளம், இப்ப பாட்டில் கேட்டு கொழுந்தனாரு போன் மேல போன் அடிக்கிறாரு, நான் கட் பண்ணிக்கிட்டே இருக்கேன்.